பெரியப்பாவின் கல்கண்டு டப்பா

பெரியப்பாவுக்குச் சண்டை ஆகாது. சிலருக்குக் கத்திரிக்காய் ஆகாது, தின்றால் உடம்பெல்லாம் தடித்துப்போகும் என்பார்களே, அப்படி. தெருவில் இரண்டு பேர் குரலை உயர்த்தினால் போதும். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவார். துண்டை உதறித் தோளில் போட்டு, இடுப்பு மடிப்பில் டப்பா இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டு கிளம்புவார்.

அது பெருங்காயம் வாங்கிய சின்னத் தகர டப்பா. பெருங்காயம் தீர்ந்து எத்தனையோ காலமாகியும் வாசனை மட்டும் போகவில்லை. அதில் கல்கண்டு போட்டு வைத்திருப்பார். எங்கள் ஊரிலிருந்து வாய்க்கால் ஓரமாகவே சைக்கிள் மிதித்தால் மண்ணச்சநல்லூர் வந்துவிடும். அங்கே போலீஸ் ஸ்டேஷன் இருந்தது. ஆனால் எங்கள் ஊர்க்காரர் யாரும் அந்தப் படி ஏறியதில்லை. பெரியப்பா ஏறவிட்டதில்லை. இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்காரவைப்பார். பேச விடுவார், அழ விடுவார், தானும் கொஞ்சம் கண் கலங்குவார். கடைசியில் டப்பாவைத் திறப்பார். அடிபட்டவன் அதிலிருந்து ஒரு கல்கண்டை எடுத்து அடித்தவன் வாயில் ஊட்ட வேண்டும். அதோடு விஷயம் முடிந்தது. அதன் பிறகு அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது.

படிப்பவர்கள் அவசரத்தில் மாற்றிப் படித்துவிடக் கூடாது என்பதற்காக மறுபடி சொல்கிறேன். ஊட்டுகிறவன் அடிபட்டவன். தின்கிறவன் அடித்தவன்.

“தப்பு பண்ணவன் மனசு கசந்து கெடக்கும்ப்பா. அவனுக்குத்தானே இனிப்பு வேணும்” என்பார் பெரியப்பா. அடிபட்டவனுக்கு என்ன வேண்டும் என்று அந்த நீதிமன்றத்தில் கேட்கும் வழக்கம் இல்லை. மன்னித்த பெருமை அவனுக்குக் கிடைத்துவிடுகிறதே, பிறகென்ன.

இந்த நடைமுறையைப் பெரியவர்களைவிடப் பிள்ளைகள் நாங்கள் சீக்கிரம் புரிந்துகொண்டோம். கல்கண்டு வேண்டுமா, யாரையாவது அடி. நான் அந்தக் கல்கண்டைப் பலமுறை தின்றிருக்கிறேன். நாக்கில் வைத்ததும் லேசாகப் பெருங்காயம் அடிக்கும், பிறகு தித்திக்கும். என் அக்கா யாரையும் அடிக்கிற பிள்ளையில்லை.

அப்பாவுக்கு அண்ணன் வாக்கு வேதவாக்கு. ஒரு கோடையில் வாய்க்கால் தண்ணீரை முறை வைத்து விட்டார்கள். எங்கள் முறை வந்த அன்று மேல்மடைக்காரர் மடையைத் திறந்து தன் வயலுக்குத் திருப்பிக்கொண்டார். எங்கள் பயிர் காய்ந்தது. அப்பா மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். பின்னாலேயே பெரியப்பா ஓடினார். பொழுது சாய அப்பா திரும்பி வந்து மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார்.

“என்ன ஆச்சு?” என்றாள் அம்மா.

“முடிஞ்சிருச்சு.”

“ஊட்டிட்டு வந்தீங்களா?”

அப்பா கை கழுவப் போனார்.

“பயிரு காஞ்சது நமக்கு, இனிப்பு அவருக்கா? நல்லா இருக்குங்க ஒங்க அண்ணன் நாயம். அந்த டப்பாவுல கல்கண்டு தீர்றதுக்குள்ள நம்ம நெலம் தீர்ந்துபோயிடும், பாத்துக்கிட்டே இருங்க.”

“சும்மா இருடி. அண்ணன் சொல்லிட்டாரு.”

அண்ணன் சொல்லிட்டாரு. எங்கள் வீட்டில் அதற்கு மேல் மேல்முறையீடு கிடையாது. பின்னாளில் வருவாய்த் துறையில் குப்பை கொட்டி, தாசில்தாராக ஓய்வு பெறும் வரைக்கும் எத்தனையோ வகை மேல்முறையீடுகளைப் பார்த்துவிட்டேன். எதை எத்தனை நாளுக்குள் எவரிடம் கொடுக்க வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிராக எங்கே மனுக் கொடுப்பது என்று மட்டும் இன்றுவரை தெரியவில்லை.

அக்காவுக்கு ஒன்பது வயது, எனக்கு ஏழு. பள்ளிக்கூடம் விட்டு வாய்க்கால் கரையில் வந்துகொண்டிருந்தோம். ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்குத்தான் பாதை. எதிரே ரைஸ்மில்காரர் வீட்டுப் பையன் வந்தான். அக்காவைவிட நாலு வயது பெரியவன், கையில் உண்டிவில்.

“எறங்கி வழி விடுடி.”

“நீ எறங்கு. நான்தான் முன்னாடி வந்தேன்.”

“இது எங்க மில்லு வாய்க்கா.”

“வாய்க்கா எங்கயாச்சும் மில்லுக்குச் சொந்தமாவுமா? ஊர் வாய்க்கா இது.”

வாய்க்கால் புறம்போக்கு யாருக்கும் சொந்தமில்லை என்பதை நான் துறைத் தேர்வு எழுதித் தெரிந்துகொண்டேன். அவளுக்கு ஒன்பது வயதிலேயே தெரிந்திருந்தது. பதில் இல்லாதவன் உண்டிவில்லை இழுத்தான். குறி பார்த்தானா என்று பிறகு பலர் என்னைக் கேட்டார்கள். பார்த்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். கூழாங்கல் அக்காவின் இடது கண்ணில் பட்டது.

பெரியப்பாதான் ஓடி வந்தார். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, திருச்சி பஸ்ஸின் முன்னால் நடு ரோட்டில் நின்றார். அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் வராண்டாவில் துண்டை விரித்துப் படுத்துக்கிடந்தார். பார்வை திரும்பாது என்று டாக்டர் சொன்னபோது சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். இதையும் சொல்லத்தான் வேண்டும். நல்ல மனிதர். நல்ல மனிதர்களால் வந்த கெடுதலுக்கு மட்டும் எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை.

அக்கா கட்டோடு வீடு திரும்பிய அன்று அப்பா செருப்பை மாட்டினார்.

“எங்கடா?” என்றார் பெரியப்பா.

“ஸ்டேஷனுக்குண்ணே.”

“போ. கேஸு போட்டா கண்ணு வந்துருமா? அந்தப் பையன் வாழ்க்கையும் போவும். நாளைக்கு ரெண்டு வீடும் ஒரே வாய்க்கால்லதானேடா தண்ணி மொள்ளணும்?”

அப்பா செருப்பைக் கழற்றினார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

மில் களத்தில்தான் கூடினார்கள். காயப்போட்டிருந்த நெல்லை ஒரு ஓரமாக ஒதுக்கி ஜமக்காளம் விரித்திருந்தார்கள். மில்காரர் பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பையன், விளையாட்டுப் புத்தி என்றார். பெரியப்பா கண் கலங்கினார். டப்பாவைத் திறந்து அக்காவிடம் நீட்டினார். அவள் ஒன்றை எடுத்தாள்.

“மொகத்தச் சிரிச்ச மாதிரி வெச்சுக்கம்மா. ஆங், அப்படித்தான். ஊட்டு.”

மில்காரர் பையன் வாயைத் திறந்தான். ஊட்டினாள். விரல் பிசுபிசுக்குமே என்று பெரியப்பா உடனே துண்டு நுனியால் அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டார். என்ன கரிசனம். “அம்மாடி, இந்த வயசுல என்னா மனசு” என்று பெண்கள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார்கள். மறுநாள் மில்லிலிருந்து ஒரு மூட்டை அரிசி வந்தது. அம்மா அதைத் தெருவில் கொட்டினாள். ஊர்க் கோழிகள் கொழுத்தன.

ஒருவர் கண்ணின் பார்வையை நிரந்தரமாகப் போக்குவது சட்டத்தில் கொடுங்காயம். கோர்ட் அனுமதி இல்லாமல் இரண்டு தரப்பும் தாங்களே பேசி முடித்துக்கொள்ள முடியாது. இதைப் படித்த அன்று புத்தகத்தைப் பின் அட்டை வரைக்கும் புரட்டிப் பார்த்தேன். கல்கண்டைப் பற்றி அதில் எங்கும் இல்லை.

அடுத்த வருஷம் பெரியப்பாவின் சைக்கிள் காணாமல் போனது. புதுச் சைக்கிள், சந்தையில் நிறுத்தியிருந்தார். அன்றுதான் அவர் கோபத்தை நான் முதலும் கடைசியுமாகப் பார்த்தேன். வீட்டுக்குக்கூட வராமல் நேரே மண்ணச்சநல்லூர் ஸ்டேஷன் படி ஏறினார். எடுத்தவன் பக்கத்து ஊர்க் கூலிக்காரன், பிடிபட்டான். அவன் பெண்டாட்டி இடுப்பில் குழந்தையோடு எங்கள் வாசலில் வந்து நின்று அழுதாள். எங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியப்பா பொறுமையாகக் கேட்டார்.

“நான் என்னம்மா பண்றது. சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல.”

இடுப்பில் டப்பா இருந்தது. கை அந்தப் பக்கமே போகவில்லை. உள்ளேயிருந்து அம்மா, அவர் காதில் விழும்படி சொன்னாள்: “ஏங்க, ஒங்க அண்ணன் டப்பாவ எங்கயாச்சும் தொலைச்சுட்டாரா?”

அக்கா படித்தாள். தென்னூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சரானாள். பெண் பார்க்க வந்தார்கள். பெரியப்பா முன்னதாகவே வந்து நாற்காலிகளை இடம் மாற்றிப் போட்டார். வருகிறவர்களுக்கு அக்காவின் வலது பக்கம் மட்டும் தெரிய வேண்டும். “பொய் சொல்லலையே, ஒக்கார வெக்கிறோம், அவ்வளவுதானே” என்றார். அக்கா காபியைக் கொடுத்துவிட்டு அவர் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்து முகத்தை முழுக்கத் திருப்பினாள்.

“இந்தப் பக்கத்தையும் பாத்துக்குங்க” என்றாள்.

அவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். “கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்” என்றார் பெரியப்பா. அதற்குப் பிறகு அக்கா யார் முன்னாலும் காபியோடு வரவில்லை. கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டதில்லை.

பெரியப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது. நானும் மறந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். எங்கள் குடும்பத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பெங்களூரிலும் அமெரிக்காவிலும் உட்கார்ந்துகொண்டு ஊரை நினைத்து உருகுவார்கள். நுங்கு, வாய்க்கால் குளியல், வைக்கோல் போர். ஒரு மழைக்காலம்கூட அங்கே முழுசாக இருந்திராதவர்கள் மண்வாசனையைப் பற்றி எழுதினால் பத்துப் பேர் கைகூப்புவார்கள். சேற்றில் நின்று நாற்று நட்டவர் யாரும் அந்தக் குழுவில் இல்லை. பெரியப்பாவின் மகன், என் தம்பி முறை, ஒருநாள் கல்கண்டு கதையைப் போட்டான். ‘ஒன்பது வயதிலேயே மன்னிக்கத் தெரிந்த எங்கள் அக்கா.’ இதயங்கள் வந்து குவிந்தன. ‘அந்தக் காலத்து மனிதர்களே தனி’ என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். அக்கா அந்தக் குழுவில் இல்லை. அவளிடம் இருப்பது பட்டன் போன்.

மறுவாரம் தம்பி ஸ்ரீரங்கத்துக்கு என் வீட்டுக்கே வந்தான். ஊர் நுழைவில் பெரியப்பா பேரில் வளைவு வைக்க வேண்டுமாம். மனு எழுதித் தர வேண்டுமாம்.

“ஒங்களுக்குத்தாண்ணே எல்லா ரூட்டும் தெரியும்.”

தெரிந்த ரூட்டையெல்லாம் சொன்னேன். ஊராட்சித் தீர்மானம் வேண்டும். ரோடு எந்தத் துறையுடையதோ அந்தத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். கட்டட உறுதிக்கு இன்ஜினியர் சான்று வேண்டும். அத்தனையும் வாங்கிய பிறகும், பொது ரோட்டில் தனி மனிதர் பேரில் வளைவு என்றால் மேலே நிராகரிப்பார்கள் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கு வயிறு குளிர்ந்தது.

“அப்ப படம் தொறந்துருவோம்ணே. மில்லுக் களத்துலயே. மொதலாளி செலவு பூரா ஏத்துக்கறேன்னுட்டாரு.”

“எந்த மொதலாளி?”

“அவருதாண்ணே” என்றான். பேரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. “ரொம்பக் கொழஞ்சு போயிட்டாரு. மேடையில அக்கா கையால மறுபடி ஒரு கல்கண்டு வாங்கிக்கணுமாம். தங்கச்சி கையால வாங்குனா ஆயுசு கூடும்ங்கிறாரு. ஊரே பாக்கும்ணே. வீடியோ எடுத்து குரூப்ல போடலாம்.”

“அவளுக்கு ஆயுசு பூரா ஒத்தக் கண்ணுடா.”

“அதான்ணே, அதையும் மீறி மன்னிச்சாங்கள்ல. அதுதானே அப்பா பெரும.” அவன் குரலைத் தழைத்தான். அச்சு அசல் பெரியப்பா. “அப்பாவச் சும்மா கொற சொல்லாதீங்கண்ணே. சின்ன வயசுல வரப்புத் தகராறுல ஒரு ஆள வெட்டுனதக் கண்ணால பாத்துருக்காரு. அதுலேருந்துதான் சண்டைன்னா அவருக்கு ஒதறும்.”

எனக்கு இது புதுச் செய்தி. காரணம் தெரிந்தால் கோபம் குறையும் என்பார்கள். எனக்குக் குறையவில்லை. பயந்தவர் அவர், அதற்கு விலை கொடுத்தவள் என் அக்கா. எந்தக் கணக்கில் இது சேர்த்தி.

தனியார் இடத்தில் படம் திறக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. சட்டத்தில் இடைவெளி இருக்கிற இடமெல்லாம் நம் ஆட்கள் பந்தல் போட்டுவிடுவார்கள்.

“அவ வர மாட்டா” என்றேன்.

“கேட்டுட்டேண்ணே. வரேன்னுட்டாங்க.”

விழா அன்று காலையில் தென்னூர் போனேன். அக்கா பச்சைக் கரை போட்ட புடவை கட்டித் தயாராக இருந்தாள்.

“வேணாம்க்கா. வயித்துவலின்னு சொல்லிடறேன்.”

“எனக்கு வயித்துவலி இல்லையேடா.”

“அவன் வாயத் தொறந்துக்கிட்டு நிப்பான்க்கா. நீ ஊட்டணும். அதைப் படம் பிடிப்பானுங்க.”

“தெரியும்.”

“மறுபடி எதுக்கு?”

“கதவப் பூட்டு. கீழ பூட்டு கொஞ்சம் இறுகும், ரெண்டு தடவ இழுத்துப் பாரு” என்றாள்.

காரில் காவிரி, ஸ்ரீரங்கம், கொள்ளிடம் எல்லாம் தாண்டிப் போகும்வரை நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். மேடையில் ஏறி மைக்கைப் பிடுங்கி அத்தனையும் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். “நீ எதுவும் பேசாத” என்றாள். எனக்கு அவள்மீதே கோபம் வந்தது. பெரியப்பா செத்தும் இவளை விடவில்லை, இவளும் அனுசரித்துப் போகக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

அதே களம், இப்போது சிமென்ட் போட்டிருந்தார்கள். படத்தில் பெரியப்பா சிரித்துக்கொண்டிருந்தார். மாலை படத்தைவிடப் பெரிதாக இருந்தது. நாலைந்து பேர் பேசினார்கள். ஊரில் ஒரு கேஸ்கூட இல்லாத பொற்காலம் என்றார் ஒருவர். சைக்கிள் திருடியவனின் பெண்டாட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. பிறகு தம்பி மைக்கைப் பிடித்து, தழுதழுத்த குரலில் அக்காவை அழைத்தான்.

அக்கா ஏறினாள். முதலாளி எழுந்து வந்தார். மூட்டுவலி போலிருக்கிறது, ஒரு பையன் தாங்கிக்கொண்டு வந்தான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிந்தன. தம்பி ஒரு வெள்ளித் தட்டை நீட்டினான். அதன் நடுவில் அந்த டப்பாவை வைத்திருந்தார்கள். தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தார்கள்.

“சிரிச்ச மொகமா ஊட்டுங்கக்கா” என்றான் தம்பி, மைக்கிலேயே.

முதலாளி கைகூப்பிக்கொண்டு வாயைத் திறந்தார். போட்டோக்காரன் ஒரு முழங்காலில் உட்கார்ந்தான். அக்கா டப்பாவிலிருந்து ஒரு கல்கண்டை எடுத்தாள். நல்ல பெரிய துண்டு. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

மைக் அவள் பக்கம்தான் இருந்தது. கல்கண்டு உடையும் சத்தம் களம் முழுக்கக் கேட்டது.

சபை காத்திருந்தது. அடுத்ததை எடுப்பாள் என்று நினைத்திருப்பார்கள். முதலாளியும் அப்படித்தான் நினைத்தார் போல, வாயை மூடவில்லை. அக்கா டப்பாவை மூடித் தட்டில் வைத்தாள். படி இறங்கி நேரே என்னிடம் வந்தாள்.

“வண்டிய எடு.”

பின்னால் தம்பி, “உணர்ச்சி வசப்பட்டுட்டாங்க, எல்லாரும் கை தட்டுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தான். சிலர் தட்டினார்கள்.

மெயின் ரோடு ஏறினோம். அக்கா கன்னத்தில் ஒரு பக்கம் மீதிக் கல்கண்டை ஒதுக்கி வைத்திருந்தாள்.

“அன்னிக்கு ஊட்டிட்டு, விரல்ல ஒட்டியிருந்ததையாவது நக்கிப் பாக்கலாம்னு நெனச்சேன்டா. பெரியப்பா துண்டால தொடச்சுட்டாரு” என்றாள்.

நான் வேகத்தைக் குறைத்தேன்.

“எங்கப் பாத்தாலும் விக்குது, வாங்கித் தின்னிருக்கலாம். தோணல. அந்த டப்பாலேருந்துதான் தின்னு பாக்கணும்னு இருந்துச்சு.” கொஞ்ச நேரம் மென்றாள். “இவ்வளவுதானாடா இது?”

கொள்ளிடம் பாலம் வரும்வரை அதைக் கடித்துக்கொண்டே வந்தாள்.